ஆளுக்கொரு பாப்பம்மாள்

சுகப்பிரியாவுக்கு மாறுகண் கிடையாது. ஆனால் சுங்குவார்சத்திரத்து மகளிர் விடுதியில் அவளோடு தங்கியிருந்த பெண்களில் பாதிப் பேர் இருக்கிறது என்றே நம்பினார்கள். மீதிப் பேர் அவள் ஊரான கோவில்பட்டிப் பக்கம் எல்லோருக்குமே இப்படித்தானோ என்று யோசித்தார்கள். எல்லாம் அவள் பார்த்த வேலையால் வந்த வினை.

பக்கத்து மின்னணுத் தொழிற்சாலையில் அவளுக்குத் தரப் பரிசோதனை. குறையில்லாத சர்க்யூட் போர்டு ஒன்றை முன்னால் வைத்திருப்பார்கள். லைனில் வருகிற ஒவ்வொரு போர்டையும் அதன் பக்கத்தில் வைத்து, அதில் இருப்பதெல்லாம் இதிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் விரலை வைத்து வரிசை வரிசையாகப் பார்ப்பார்கள். சுகப்பிரியா மூன்றாவது மாதத்தில் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தாள். இரண்டு கண்ணையும் மூக்குப் பக்கம் இழுத்தால் இரண்டு போர்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒன்றாகிவிடும். எல்லாம் சரியாக இருந்தால் அசையாமல் நிற்கும். எங்காவது ஒரு பொடிப் பாகம் விட்டுப்போயிருந்தால் அந்த இடம் மட்டும் மினுக் மினுக்கென்று துடிக்கும். சூப்பர்வைசர் முதலில் முகம் சுளித்தார். அவள் பாஸ் செய்த போர்டு ஒன்றுகூடத் திரும்பி வராததைப் பார்த்துவிட்டு, அவளை அவள் போக்கில் விட்டுவிட்டார்.

இந்தக் கண்தான் அவளைச் சேகரிப்பில் கொண்டுபோய்த் தள்ளியது. 2009ஆம் வருஷம், விடுமுறை நாளில் துணி எடுக்க வாலாஜாபாத் போனவள், பழைய பேப்பர் கடை வாசலில் ஒதுங்கி நின்றாள். கடைக்காரர் தராசுக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்த தடித்த அட்டை கண்ணில் பட்டது. அட்டையில் ஒரே படம் இரண்டு தடவை, அடுத்தடுத்து ஒட்டியிருந்தது. தலைப்பாகை வைத்த ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரே மாதிரி இரண்டு பொருள் அடுத்தடுத்து இருந்தால் சுகப்பிரியாவின் கண் அவளைக் கேட்காமலே மூக்குப் பக்கம் போய்விடும். போனது. உடனே படத்திலிருந்த திரைச்சீலை அட்டையை விட்டு வெளியே வந்து நின்றது. ஆள் அதற்குப் பின்னால், எட்டாத தூரத்தில் உட்கார்ந்திருந்தார். துணி எடுக்க வந்ததை அவள் மறந்தே போனாள்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியபோது விஷயம் புரிந்தது. நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய வித்தை அது. இடது கண் பார்ப்பதை ஒரு படமாகவும் வலது கண் பார்ப்பதை இன்னொரு படமாகவும் எடுத்து ஒரே அட்டையில் ஒட்டுவார்கள். அதற்கென்று உள்ள கண்ணாடி வழியாகப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து ஆள் நேரில் இருப்பது போலத் தெரியும். சுகப்பிரியா கண்ணாடிக்கு எங்கே போவாள்? தன் கண்ணே போதும் என்று இருந்துவிட்டாள். சென்னை, காஞ்சிபுரம், புதுச்சேரி என்று பழைய சாமான் கடைகளில் அலைந்து ஒரு வருஷத்தில் ஒன்பது அட்டை சேர்த்தாள். ஒன்பதிலும் திரைச்சீலை முன்னால், ஆள் பின்னால். அந்தக் காலத்தில் ஆட்களைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துத்தான் படம் எடுத்தார்கள் என்று நோட்டில் எழுதியும் வைத்தாள். எப்படி முகம் மறையாமல் இருந்தது என்பதற்கு ஒரு காரணமும் யோசித்து எழுதினாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையில் கழித்துக் கட்டிய இரண்டு பூதக்கண்ணாடி வில்லைகளைக் கேட்டு வாங்கிவந்து, செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டுப் பொருத்திப் பார்த்தாள். திரை ஒழுங்காகப் பின்னால் போனது. நாற்காலிக் கை முன்னால் வந்தது. கண்ணை மூக்குப் பக்கம் இழுத்தால் இடது கண் வலது படத்தையும் வலது கண் இடது படத்தையும் பார்க்கும். முன்னது பின்னதாகும், பின்னது முன்னதாகும். ஒரு வருஷமாகக் கோளாறு படத்தில் இல்லை, பரிசோதகரிடம்தான் இருந்திருக்கிறது. நோட்டில் அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டாள்.

பட்டணத்து ஸ்டூடியோக்காரர்கள் அட்டையின் ஓரத்தில் தங்கள் பெயரை அச்சடித்திருந்தார்கள். ஐந்து அட்டைகளில் மட்டும் பெயர் இல்லை. ஐந்திலும் ஒரே நாற்காலி. அதன் வலது கை சிங்கமுகம் செதுக்கியது, இடது கை உடைந்துபோய் ஏதோ உள்ளூர்த் தச்சர் வைத்த மொட்டைக் கட்டை. ஊர் ஊராக அந்த நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுத்த யாரோ ஒருவர். சுகப்பிரியா அவருக்கு நாற்காலிக்காரர் என்று பெயர் வைத்தாள். அவரிடம் இரண்டு வில்லைக் காமிரா இல்லை என்பதையும் கண்டுபிடித்தாள். ஒரு படத்தில் குழந்தையின் கால் மேலே இருந்தது, ஜோடியில் கீழே இருந்தது. ஒன்றை எடுத்துவிட்டு, காமிராவை நாலு விரற்கடை தள்ளி வைத்து, ஆள் அசையுமுன் அடுத்ததை எடுத்திருக்கிறார். அப்படியும் ஒரு நூல் ஏற்ற இறக்கம் இல்லை. இவ்வளவு சுத்தமாக வேலை பார்த்தவருக்குப் பெயர் இல்லை என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அவள் தொழிற்சாலையில் ஒரு திருகை யார் முடுக்கியது என்பதற்குக்கூட நம்பர் உண்டு. அந்தப் பெயரைக் கண்டுபிடித்தே தீர்வது என்று முடிவு கட்டினாள். கல்யாணப் பேச்சு எடுத்த அம்மாவிடம்கூட, கையில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னாள்.

முதல் முயற்சி நாசமானது. ஐந்தில் ஒன்றின் பின்பக்கம் யாரோ காகிதம் ஒட்டியிருந்தார்கள். காகித ஓரத்தில் பழுப்பு மையில் எழுத்து எட்டிப் பார்த்தது. விடுதி வாளியில் தண்ணீர் பிடித்து அட்டையை ஊறவைத்தாள். ஒட்டிய காகிதம் உரியவில்லை. முன்னால் இருந்த படம் பாலாடை போல மிதந்து வந்து, அவள் விரல் பட்டதும் முகம் பிய்ந்துபோனது. எழுத்தும் கரைந்துவிட்டது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

2012இல் தொழிற்சாலையில் அவள் பக்கத்து இருக்கைக்கு இசைவாணி வந்தாள். வல்லக்கோட்டைக்குப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். சாப்பாட்டு வேளையில் சுகப்பிரியாவின் போனில் அட்டைகளின் படத்தைப் பார்த்தவள் கையை நீட்டி, "இந்தச் சேரு எங்க வூட்ல கீது" என்றாள்.

"நாற்காலியா?"

"சேரு இல்லப்பா. படத்துல கீது. ஏசு படத்துக்குப் பக்கத்துல மாட்டிகிது."

அந்த ஞாயிறே சுகப்பிரியா போய் நின்றாள். இசைவாணியின் அப்பா ரத்தினம் ஒரு கிடங்கில் செக்யூரிட்டி. படத்தில் இருபது வயதுப் பெண் ஒருத்தி அதே நாற்காலியின் மொட்டைக் கையில் கையூன்றி நின்றாள். ரத்தினத்தின் தகப்பனாருக்குப் பாட்டி, பெயர் பாப்பம்மாள். ஆனால் படம் ஒன்றுதான் இருந்தது. ஜோடி இல்லை. வலது ஓரம் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தது.

"இது ரெண்டா இருந்திருக்கணுமேப்பா" என்றாள் சுகப்பிரியா.

"ரெண்டாத்தான் இருந்திச்சி. பாகம் பிரிச்சோம் இல்ல" என்றார் ரத்தினம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நிலத்தை விற்றார்கள். விற்றதில் அப்பாவு என்கிற அண்ணனுக்கும் தம்பி ரத்தினத்துக்கும் பேச்சு நின்றது. சபைப் பெரியவர்கள் உட்கார்ந்து வீட்டுச் சாமானைப் பிரித்தார்கள். அண்டா, கட்டில், சுவர்க் கடிகாரம் எல்லாம் போனபின் அந்த அட்டை மிஞ்சியது. ஒரே படம் இரண்டு ஒட்டியிருக்கிறது, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று தையற்காரரின் கத்தரிக்கோலை வாங்கி நடுவில் வெட்டினார்கள். அன்றைக்கு நடந்த பங்கீட்டில் சண்டை வராத ஒரே பொருள் அதுதான் என்று சபையே மெச்சிக்கொண்டதாம்.

சுகப்பிரியா அனுமதி கேட்டுச் சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தாள். பழுப்பு மையில் இரண்டு வரி, இரண்டும் பாதி. மேல் வரி 'ன் எடுத்தது' என்று முடிந்தது. கீழ் வரி 'சத்திரம்' என்று முடிந்தது. நோட்டை எடுத்து இரண்டையும் எழுதிக்கொண்டாள். நாற்காலிக்காரரின் பெயர் 'ன்' என்று முடிகிறது. தமிழ்நாட்டில் அப்படி முடியாத ஆண்பிள்ளை எத்தனை பேர்? மீதி அண்ணனிடம் இருந்தது.

அப்பாவு வாலாஜாபாத் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். பாப்பம்மாள் கடைக்குள்ளேயே, இயந்திரத்துக்கு மேலே மாட்டியிருந்தாள். சுகப்பிரியா வந்த காரியத்தைச் சொன்னாள். அவர் படத்தைக் கழற்றிக் காட்டினார். கெட்டியான அட்டையில் பசை போட்டு முழுசாக ஒட்டியிருந்தார். எழுத்து உள்ளே போய்விட்டது.

"தண்ணியில ஊற வெச்சா உரியும் இல்ல? உரிச்சிப் படிச்சிக்க. ஆனா ஒண்ணு" என்றார் அப்பாவு. "நீ ஃபேக்டரில செக்கிங்தானே? எது ஒரிஜினல், எது காப்பினு உனுக்குத் தெரியும். என்னுதுதான் ஒரிஜினல், அவன்கிட்ட கீறது ஜெராக்ஸுனு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லணும். சொன்னா குடுக்கறேன்."

தண்ணீரில் போட்டால் என்ன ஆகலாம் என்பதை சுகப்பிரியா சொல்லவில்லை. சரி பெரியப்பா, பாக்குதேன் என்று மட்டும் சொன்னாள். ரத்தினத்திடம் போய், இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டபோது அவரும் உடனே சம்மதித்தார். தன்னுடையதுதான் ஒரிஜினல் என்பதில் அவருக்கும் சந்தேகமில்லை.

யார் வீட்டுக்கு யார் போவது என்று ஒரு மாதம் இழுத்தது. கடைசியில் பொது இடமாகச் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து டீக்கடை முடிவானது. ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணி. இசைவாணிக்கு அந்த வாரம் காலை ஷிப்ட், வர முடியவில்லை. சுகப்பிரியாவுக்கு மதிய ஷிப்ட், ஒன்றேகால் மணிக்குக் கம்பெனி பஸ். பையில் செருப்பு டப்பா, மை உறிஞ்சும் தாள், ஒரு மெல்லிய தூரிகை எல்லாம் வைத்திருந்தாள். உரிக்கிற முடிவோடுதான் போனாள். போன தடவை அவசரப்பட்டுவிட்டோம், இந்த முறை பதமாகச் செய்தால் முகம் பிழைக்கப் பத்துக்கு நாலு பங்கு வாய்ப்பு உண்டு என்பது அவள் கணக்கு. மீதி ஆறு பங்கைப் பற்றி அவள் யோசிக்காமல் இல்லை. பெயர் கிடைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சகோதரர்கள் பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். டீயைக்கூடத் தனித்தனியாகச் சொன்னார்கள். டப்பாவில் படத்தைப் பொருத்தலாமா என்று சுகப்பிரியா கேட்டபோது இருவருமே கையை விட்டுத் தர மறுத்தார்கள்.

"நானே புடிச்சிக்கிறேன்" என்றார் அப்பாவு.

"நானும்" என்றார் ரத்தினம், கடைக்காரரைப் பார்த்து.

ஆகவே இருவரும் எழுந்து டப்பாவின் பின்னால் வந்து நின்றார்கள். தம்பி இடது பாதி, அண்ணன் வலது பாதி. படம் ஒட்ட வேண்டுமானால் ஆளும் ஒட்ட வேண்டும். "இன்னும் கிட்ட வாங்க பெரியப்பா. அப்பா, நீங்க கொஞ்சம் மேல தூக்குங்க. போதும். அசையாதீக" என்று அவள் சொல்லச் சொல்ல, தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் ஏதோ கண் பரிசோதனை முகாம் என்று நினைத்து வரிசையில் நிற்கலாமா என்று கேட்டார்கள்.

சுகப்பிரியா பார்த்தாள். இரண்டு பாதியும் மெல்ல நகர்ந்து ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. பாப்பம்மாள் நின்றாள். ஊன்றிய கை நாற்காலியை விட்டு முன்னால் வந்தது. முந்தானைக்கும் இடுப்புக்கும் நடுவே காற்றுப் போக இடம் இருந்தது. பின்னால் திரை வெகுதூரத்தில் தொங்கியது. நாற்காலிக்காரர் எடுத்ததிலேயே இதுதான் ஆகச் சிறந்தது. அவளுக்குக் கண் கலங்கியது, படம் இரண்டாகப் பிரிந்தது, துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"எது ஒரிஜினல்? சொல்லு" என்றார் அப்பாவு.

ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் பெயர் கைக்கு வந்துவிடும். ரத்தினம் கோபித்துக்கொண்டு போவார், ஏற்கெனவே கோபத்தில் இருப்பவர்தான். ஆனால் சரியில்லாத போர்டை இதுவரை அவள் பாஸ் செய்ததில்லை.

"ரெண்டும் ஒரிஜினல்தான் பெரியப்பா. ஒண்ணு இடது கண்ணு பாத்தது, இன்னொண்ணு வலது கண்ணு பாத்தது. ரெண்டும் சேந்தாத்தான் முழுப் படம்."

"இதத்தான் சபைக்காரங்களும் சொன்னாங்க, ரெண்டு பேருக்கும் நல்லவங்களா இருந்துக்கினு" என்றார் அப்பாவு எரிச்சலோடு. ரத்தினமும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னைய நம்ப வேண்டாம். நீங்களே பாருங்க." அப்பாவு வைத்திருந்த பாதியை அவள் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். வில்லையைக் கொஞ்சம் நகர்த்தினாள். பஸ் ஒன்று வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போகும்வரை குனிந்தபடியே இருந்தார். தலையை எடுக்காமலே, "டேய், இத்த வந்து பாருடா" என்றார். ஒன்பது வருஷத்தில் தம்பியிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

ரத்தினம் தயங்கினார். பிறகு தன் பாதியை டப்பாவோடு சாய்த்து நிறுத்திவிட்டு வந்து குனிந்தார். குனிந்த உடனே நிமிர்ந்து, "நல்லா கீது" என்றார்.

அவ்வளவு சீக்கிரம் யாருக்கும் தெரியாது. சுகப்பிரியாவின் வேலைப் புத்தி சும்மா இருக்கவில்லை. "எது முன்னால வருதுப்பா?" என்று கேட்டாள்.

"மூஞ்சி."

"கை வரலியா?" ஒரு தாளால் வலது வில்லையை மறைத்தாள். "இப்ப?"

"அப்படியேதான் கீது."

இடது வில்லையை மறைத்தாள். "இப்ப?"

ரத்தினம் டப்பாவிலிருந்து தலையை எடுத்தார். "ஒண்ணும் தெரில. வலது கண்ணு இல்லம்மா. சர்க்கரையில போயி மூணு வருஷம் ஆச்சி. வேலைக்கு வைக்க மாட்டாங்கன்னு வெளிய சொல்லிக்கல."

வேண்டாத இடத்தில் நோண்டிவிட்டோம் என்று சுகப்பிரியாவுக்கு வெட்கமாக இருந்தது. தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

அப்பாவு தம்பியின் முகத்தைப் பார்த்தார். மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, அந்தக் கண்ணை உற்றுப் பார்த்தார். ரத்தினம் தடுக்கவில்லை.

"எங்கிட்ட சொல்லக் கூடாதாடா?"

"இன்னான்னு வந்து சொல்றது?" என்றார் ரத்தினம். தன் பாதியை எடுத்து அண்ணன் பக்கம் நகர்த்தினார். "ரெண்டையும் நீயே வெச்சிக்க. ஒத்தக் கண்ணுக்கு எது இருந்தா இன்னா? உனுக்குத்தான் தெரியுது."

அப்பாவு அதைத் தொடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு எதையாவது செய்தாக வேண்டும் என்பது போலத் தன் பாதியை எடுத்து சுகப்பிரியாவிடம் நீட்டினார். "உனுக்கு பேரு வேணும்னியேம்மா. உரிச்சிக்க. இனிமே ஒரிஜினல் இன்னா, காப்பி இன்னா."

இரண்டு வருஷத்துக்கு மேலாகத் தேடியது கைக்கு வந்துவிட்டது. அட்டை கனமாக இருந்தது. கடை வாசலிலேயே குண்டான் நிறையத் தண்ணீர் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவு மடியில் திருப்பி வைத்தாள்.

"வேண்டாம் பெரியப்பா. தண்ணியில போட்டா மூஞ்சி கலைஞ்சி போயிரும். முன்னாடி ஒண்ணு அப்படித்தான் போச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத்தினி நாளா சொல்லவே இல்லியே."

"சொன்னா குடுத்திருக்க மாட்டீக."

"குடுத்திருக்க மாட்டேன்" என்றார் அப்பாவு.

நாற்காலிக்காரரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டாள். அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கவும் பயமாக இருந்தது. இனி அந்தப் பெயர் கிடைக்காது. அது நிச்சயமாகத் தெரிந்தது, வலித்தது.

கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு ஓடிப்போய் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டீக்கடையில் அப்பாவு இரண்டு பாதியையும் டப்பாவுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிறுத்தி, மறுபடி குனிந்திருந்தார். பஸ் கிளம்பக் கொஞ்சம் நேரமானதால் அவர் குரல் கேட்டது.

"கையி வெளிய நீட்டிக்கினு கீது. நம்ம அப்பாவுக்கு இருந்த மாதிரியே நீட்டு வெரலு. காதுல கம்மல் தொங்குது, அதுக்குப் பின்னாடி கழுத்து தனியா தெரிது. ஏதோ சொல்ல வர்ற மாதிரி வாயி லேசா தெறந்துக்கினு கீது."

"ம். சொல்லு" என்றார் ரத்தினம். பார்க்கிற கண்ணையும் மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.